வேலிக்கால்களைப் பிடுங்கிய நாட்கள்

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று நான் சொல்லாதது: "வேலிக்கால்களைப் பிடுங்காதே அண்ணா. அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை."

எழுதிப் பார்த்தால் ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது. இதைச் சொல்லச் சாப்பாட்டு மேசையில் எனக்கு வேண்டிய அளவு அவகாசம் இருந்தது. அண்ணன் பேச்சை ஆரம்பித்தான், தண்ணீர் குடித்தான், மறுபடி ஆரம்பித்தான். பின்கொல்லையில் இருக்கிற பழைய கம்பங்களை எல்லாம் எடுத்துவிடலாம் என்றான். வேலிக்கு இப்போது வேலையே இல்லை. முள்கம்பி துருப்பிடித்துக் கிடக்கிறது. அவன் மகள் வாலுவின் பாவாடை போன வாரம் அதில் மாட்டிக் கிழிந்தது, அடுத்த முறை காலாக இருக்கும். அவன் வேன் ஒன்று வாங்கப் பார்க்கிறான், கொல்லை காலியானால் நிறுத்திக்கொள்ளலாம்.

எல்லாம் நியாயம். ஒன்றைக்கூட மறுக்க முடியாது.

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டான்.

அம்மா பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை என்று அவளுக்கே தெரியும். அப்பாதான் முதலில் வாய் திறந்தார். "எடுத்துடலாம்டா பெரியவனே. எதுக்கு அது? நானே சொல்லணும்னு இருந்தேன்."

பிறகு தலையை முழுக்கத் திருப்பி, நான் உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்ற பார்வை.

நான் "அண்ணி, தண்ணி கொஞ்சம் தள்ளுங்க" என்றேன்.

செப்டம்பர் 9, திங்கள்

காலையில் பேச வேண்டும் என்று எழுந்தேன். அண்ணன் குளியலறையில் இருந்தான். அவன் வருவதற்குள் நான் அலுவலகம் கிளம்பிவிட்டேன். வழக்கத்தைவிடச் சீக்கிரம்.

செப்டம்பர் 12, வியாழன்

பின்வாசல் படியிலிருந்து அப்பாவின் மோட்டார் பட்டறைக் கதவு வரைக்கும் அந்த வேலி. ஒரு காலத்தில் அதற்கு அந்தப் பக்கம் அம்மாவின் காய்கறித் தோட்டம் இருந்தது. கோழிகள் கொத்தாமலிருக்க அப்பா வேலி போட்டார். தோட்டம் போயிற்று, கோழிகளும் போயின. கம்பங்கள் மட்டும் நிற்கின்றன, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல். ஒவ்வொன்று விழும்போதும் கையில் கிடைத்ததை அப்பா நட்டார். ஒன்று கருங்கல், ஒன்று அவரே பலகை அடித்து வார்த்த கான்கிரீட், ஒன்று பழைய தண்ணீர்க் குழாய், ஒன்று யாரோ வீட்டை இடித்தபோது கிடைத்த உத்திரத் துண்டு. பார்க்கச் சகிக்காது. தொட்டால் ஒவ்வொன்றும் வேறு.

ஜூனில் ஒரு சாயங்காலம் நான் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். இடது கையால் ஒவ்வொரு கம்பத்தின் தலையையும் தொட்டு, அடுத்ததற்குப் போய், அதைத் தொட்டு. பழக்க தோஷம் என்று நினைத்தேன். வழியில் நான் வைத்திருந்த துணிக்கூடையில் கால் தடுக்கி என்மேலேயே வந்து விழுந்தார். "நீ எப்ப வந்தே?" என்றார். நான் அரைமணி நேரமாக அங்கேதான் நிற்கிறேன்.

அன்றைக்குச் சொன்னார். நேராகப் பார்த்தால் நன்றாகத் தெரிகிறது, செய்தித்தாள் படிக்க முடிகிறது, மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்ற முடிகிறது. பக்கவாட்டில்தான் மங்கல். ஒரு குழாய் வழியே பார்ப்பதுபோல. வெளிச்சம் குறைந்தால் குழாயும் சுருங்குகிறது.

"டாக்டர்கிட்ட போலாம்பா."

"போலாம் போலாம். மழை முடியட்டும். பெரியவன்கிட்ட மட்டும் மூச்சு விடாதே. அவனுக்குத் தெரிஞ்சா மறுநாளே பட்டறையைப் பூட்டிச் சாவியைப் பையில போட்டுக்குவான். கரண்டுல வேலை பாக்கறவனுக்குக் கண்ணு சரியில்லன்னா யாரு விடுவா? உன் அம்மாகிட்டயும் வேணாம், அழுவா. உங்கிட்ட மட்டும்தான் சொல்றேன்."

உங்கிட்ட மட்டும்தான். அந்த இரண்டு சொல்லில் எனக்குக் கிடைத்தது என்ன என்று இன்றுவரை யோசிக்கிறேன். இந்த வீட்டில் எதுவானாலும் முதலில் பெரியவனிடம்தான் போகும். நான் மூலையில் புத்தகம் வைத்துக்கொண்டிருப்பவள், "அவ ஒரு தனி உலகம்" என்று விட்டுவிடப்பட்டவள். அப்பா தன் வாழ்க்கையிலேயே பெரிய விஷயத்தை என்னிடம் கொடுத்துவைத்தார்.

நான் பத்திரமாக வைத்திருந்தேன். மழை வருவதற்கு முன்பே "மழை முடியட்டும்" என்றவரிடம் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று வேலை தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு லாரி டிரைவரிடம் ஜாக்கியும் சங்கிலியும் இரவல் வாங்கி வந்தான் அண்ணன். கம்பங்களின் அடியில் நேற்றே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்திருந்தான். எல்லாம் ஏதோ வீடியோ பார்த்துக் கற்றது.

முள்கம்பியை வெட்டிச் சுருட்டியதும் முதல் கம்பத்தில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். கம்பம் அசையவில்லை, அவன்தான் அசைந்தான்.

"ஜிம்முக்குப் போறேன்னு காலைல எழுந்து எழுந்து ஓடினீங்களே, அது எந்தக் கைக்கு?" என்றாள் அண்ணி. ஞாயிறு என்பதால் லேபுக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். வாரம் முழுக்க ஊரார் ரத்தத்தைக் குத்தி எடுத்தது போதாதென்று ஞாயிறன்று புருஷனின் ரத்தம்.

அப்பா சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். "தள்ளுடா. பல்லு புடுங்கற மாதிரிதான் இதுவும். முதல்ல ஆட்டணும். நாலு பக்கமும் ஆட்டி, மண்ணு பிடியை விட்டுருச்சுன்னு தெரிஞ்சப்புறம் தூக்கணும். நீ எடுத்தவுடனே தூக்கப் பாக்கறே."

மண்டியிட்டு உட்கார்ந்து கம்பத்தின் அடியைக் கையால் சுற்றித் தடவினார். "இதுக்குக் கீழ கான்கிரீட் உருண்டை இருக்கு, நான்தான் கொட்டினேன். அந்தப் பக்கம் அகலம். இந்தப் பக்கம் தோண்டு, லேசா வந்துடும்." தோண்டினார்கள். சொன்ன இடத்தில் உருண்டையின் விளிம்பு தெரிந்தது.

"மாமாவுக்கு எவ்வளவு ஞாபகம் பாருங்க!" என்றாள் அண்ணி. "நீங்களும் இருக்கீங்களே, கல்யாண நாளைக்கூட நான் சொல்லணும்."

ஜாக்கி மண்ணில் புதையாமலிருக்க அடியில் பலகை. சங்கிலியைக் கம்பத்தின் காலில் சுற்றி ஜாக்கியின் தலையில் மாட்டி, அண்ணன் பிடியை இறக்கி ஏற்ற ஏற்ற, கம்பம் விரல்விரலாக மேலே வந்தது. ஈர மண் அதை விடும்போது ஒரு சத்தம் வருகிறது, சேற்றில் மாட்டிய காலை உருவுவதுபோல. ஒவ்வொன்று வெளியே வந்ததும் அப்பா அதன் தலையைத் தட்டிக்கொடுத்தார். கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஒரு மனிதர் தன் வழியைத் தானே பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அதிலும் அந்த வேலையில் அவரைவிடக் கெட்டிக்காரர் அங்கே யாருமில்லை. பார்த்துச் செய்யவில்லை அவர், கையாலேயே செய்தார். அது எனக்கு மட்டும் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பாதி முடிந்தது. மீதி அடுத்த ஞாயிறு.

செப்டம்பர் 16, திங்கள்

அப்பாவின் இடது உள்ளங்கையில் கீறல்கள். நேற்றைய கீறல் அல்ல, பழையவை, ஒன்றன்மேல் ஒன்று. முள்கம்பி.

செப்டம்பர் 20, வெள்ளி

அலுவலகத்தில் ஒரு புத்தகத்துக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை. ஊர்பேர் தெரியாத யாரோ எழுதியதில் கால்புள்ளி இடம் மாறியிருந்தால் சிவப்பு மையில் சுழித்து ஓரத்தில் குறிப்பு எழுதுகிறேன். வெட்கமாக இருந்தது. பேனாவை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஒரு முயற்சி செய்தேன். கோழையின் முயற்சி.

பட்டறைப் பக்கத்துக் கம்பங்கள் மட்டும் மிச்சமிருந்தபோது, "இதுங்களை விட்டுடலாமே அண்ணா. வீட்டிலேர்ந்து இங்க வரைக்கும் ஒரு கயிறு இழுத்துக் கட்டிட்டா துணி காயப்போடலாம்" என்றேன். கயிறு இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று எனக்குள் ஒரு மெச்சல் வேறு.

"துணி காயப்போட மொட்டை மாடி இருக்கே, அங்க வெயிலுக்குப் பஞ்சமா?" என்றாள் அண்ணி.

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அப்பா, "கயிறும் வேணாம், ஒண்ணும் வேணாம். வண்டி வர்ற இடத்துல கயிறு கட்டி யாரு கழுத்தை அறுக்க? எல்லாத்தையும் எடுடா" என்றார். கோபமாகவே சொன்னார். நான் காட்டிக்கொடுக்கப் பார்த்தேன் என்று கோபம்.

"கட்டினா நல்லாத்தான் இருக்கும்" என்று அம்மா படியில் உட்கார்ந்தபடி முணுமுணுத்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. எனக்கே இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது.

கடைசிக் கம்பம், கருங்கல், சுலபமாக வந்துவிட்டது. இத்தனை வருஷம் எதைப் பிடித்துக்கொண்டு நின்றதோ.

செப்டம்பர் 23, திங்கள்

குழிகள். வரிசையாக, வாயைத் திறந்துகொண்டு. அண்ணன் மண் அடிக்க ஆள் வருவான் என்றான். நாளைக்கா, மறுநாளா? அதுவரைக்கும் அப்பா?

அலுவலகத்திலிருந்து வந்ததும் உடை மாற்றக்கூட இல்லை, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து, மறுபடி தள்ளி, தண்ணீர் தெளித்து மிதித்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பட்டறைப் பக்கத்துக் குழிகளுக்குப் போனால் அவை ஏற்கெனவே மூடப்பட்டுக் கெட்டியாக மிதிக்கப்பட்டிருந்தன. அண்ணனின் ஆள் பாதி வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறான் என்று எண்ணிக்கொண்டேன்.

நிம்மதியாகத் திரும்பினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை, ஆனால் ஏதோ செய்துவிட்டேன். கைக் கொப்புளத்தைப் பார்க்கும்போதெல்லாம் கடனை அடைத்துவிட்டது போன்ற நினைப்பு. என்ன ஒரு மோசடி இது?

செப்டம்பர் 29, ஞாயிறு

அப்பா காலை வெயில் நன்றாக ஏறியபிறகு பட்டறைக்குப் போகிறார். பட்டறைக் கதவுக்கு அவர் பளீரென்று வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கிறார். "கதவு உளுத்துப்போகுதுன்னு அடிச்சேன்" என்றார் அம்மாவிடம். அந்த வெள்ளையை நேராகப் பார்த்துக்கொண்டே நடக்கிறார். மதியச் சாப்பாட்டுக்கு வந்தால் திரும்பிப் போவதில்லை. முன்பெல்லாம் இருட்டும்வரை அங்கேதான் இருப்பார், எரிந்துபோன மோட்டார்களின் வார்னிஷ் வாசனையோடு வருவார்.

"ஆர்டர் குறைவு" என்கிறார். ஆனால் தண்ணீர் மோட்டார் கொடுத்த ஒருவர் இன்று வாசலில் நின்று சத்தம் போட்டார்: "ரெண்டு வாரமா நாளைக்கு நாளைக்குன்னு சொல்றீங்களே, அதுவரைக்கும் நாங்க குளிக்க வேணாமா?"

"குளிக்காமலே இவ்வளவு பளபளன்னு இருக்கீங்களே" என்றார் அப்பா. வந்தவர் சிரித்துவிட்டார். அப்பா எப்படியோ சமாளித்துவிடுகிறார்.

அண்ணி கேட்டாள், "வேன் எப்ப வருது? இடம் ரெடியாகி ஒரு வாரம் ஆச்சு."

"பாக்கலாம்" என்றான் அண்ணன்.

அக்டோபர் 3, வியாழன்

அலுவலகத்திலிருந்து வரும் வழியில் கண் மருத்துவமனை. உள்ளே போய், முன்பதிவு எப்படி என்று விசாரித்தேன். நோயாளியின் பெயர் கேட்டார்கள். "அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன். பெயரை யாரிடம் கேட்பது!

அக்டோபர் 13, ஞாயிறு

மெதுவாக எழுதுகிறேன். கை இன்னும் சில்லென்று இருக்கிறது.

காலையில் நல்ல வெயில். அப்பா பட்டறைக்குப் போனார், ஆர்வமாக இருந்தார், சாப்பாட்டை அங்கேயே கொடுத்துவிடச் சொன்னார். மதியத்துக்கு மேல் வானம் கறுத்தது. மழை ஆரம்பித்ததும் மின்சாரம் போயிற்று. நான் என் அறையில் சன்னலோரம் படித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் வெளிச்சம் போதவில்லை என்றபோதுதான் நிமிர்ந்தேன். நமக்கே போதவில்லை என்றால்?

பட்டறைக் கதவு திறந்தது. அப்பா குடையோடு வெளியே வந்தார். வீட்டை நோக்கித்தான் நடக்க ஆரம்பித்தார். கொஞ்சம் வந்ததும் அவர் நடை இடப்பக்கம் விலகியது, முன்பு தோட்டம் இருந்த வெற்றிடத்துக்குள். அவருக்கு அது தெரியவில்லை. நடந்துகொண்டே இருந்தார். பிறகு நின்றார். இடது கையை நீட்டினார். கம்பத்தின் தலை இருந்திருக்கக்கூடிய உயரத்தில், சரியாக அந்த உயரத்தில்.

அங்கே ஒன்றும் இல்லை.

கை அப்படியே நின்றது. பிறகு சற்றுத் திரும்பி மறுபடி நீட்டினார். மறுபடி திரும்பினார். இப்போது வீடு எந்தப் பக்கம் என்பதே அவருக்குப் போய்விட்டது. எங்கள் பெயர்களில் ஒன்றைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. குடை நழுவி விழுந்தது. அதை எடுக்கக்கூடக் குனியவில்லை. மதில் சுவரைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

ஓடினேன். எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. பின்வாசலுக்கு வந்தால் அம்மா எனக்கு முன்னால் படி இறங்கிவிட்டிருந்தாள், குடையில்லாமல், முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு. மாடிப்படியிலிருந்து அண்ணன் வெறுங்காலோடு இரண்டிரண்டு படியாகக் குதித்து வந்தான். சேற்றில் மூன்று பேரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஓடினோம்.

யாரும் யாரையும் "என்ன ஆச்சு?" என்று கேட்கவில்லை.

பாதி வழியில்தான் அது எனக்கு உறைத்தது. ஏன் கேட்கவில்லை? மழையில் ஒருவர் கொல்லையில் நின்றால் ஏன் மூன்று பேர் இப்படி ஓட வேண்டும்?

அம்மா அவருடைய கையைப் பிடித்தாள். "என்னங்க."

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மழை நல்லாப் பெய்யுதேன்னு நின்னேன்."

"ஆமாங்க" என்றாள் அம்மா.

"நல்ல மழைப்பா" என்றான் அண்ணன்.

"ஆமாம்பா" என்றேன் நான்.

அந்த நேரத்திலும்! அந்த நேரத்திலும் மூன்று பேரும் ஆமாம் போட்டோம். நான்கு பேரும் தொப்பலாக நனைந்து பின்வாசலுக்கு வந்தபோது அண்ணி துண்டோடு நின்றுகொண்டிருந்தாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

இன்று கேட்டாள்.

"ஒருத்தர் நனைஞ்சா இன்னொருத்தர் குடை எடுத்துட்டுப் போவாங்க. மூணு பேர் செருப்புகூட இல்லாம ஓடினீங்க. என்ன விஷயம்? நான் ஒண்ணும் சின்னக் குழந்தை இல்ல."

அவளே கணக்குப் போட்டாள். ஸ்கூட்டர் ஓட்டுவதை அப்பா நிறுத்தியது. வெள்ளைப் பெயின்ட். கையில் கீறல். "மாமா, இங்க பாருங்க" என்று பக்கவாட்டில் விரலை நீட்டி மெல்ல ஆட்டினாள். அப்பா நேராகப் பார்த்தபடி, "என்னம்மா, சொல்லு" என்றார். விரல் ஆடிக்கொண்டே இருந்தது. அதை முன்னால், முன்னால், ஏறக்குறைய மூக்குக்கு நேரே கொண்டுவந்த பிறகுதான் அவர் கண் அதைப் பிடித்தது.

அண்ணி கையை இறக்கினாள். "உங்க எல்லாருக்கும் தெரியும். இல்ல?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள்.

"எங்கிட்ட மட்டும்தான் சொல்றேன்னு சொன்னார்" என்றாள் அம்மா.

அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "எங்கிட்டயும் அதேதான்மா."

அப்பா திருடன் அகப்பட்டதுபோல உட்கார்ந்திருந்தார். அண்ணி அவர்முன் முட்டி போட்டு உட்கார்ந்தாள். கோபத்தில் கண் கலங்கியிருந்தது. "எனக்கு மட்டும் ஏன் மாமா சொல்லல? நான் வேத்து ஆளா?"

"அதில்லம்மா" என்றார் அப்பா. "நீ கூட்டிட்டுப் போயிடுவே."

"ஆமா, கூட்டிட்டுத்தான் போவேன். வியாழக்கிழமை லீவு போடறேன். எல்லாரும் கிளம்புங்க."

அக்டோபர் 17, வியாழன்

கண் அழுத்தம். நரம்பை உள்ளேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நசுக்குமாம். வலிக்காது. ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுவுக்கு வரும், அதனால்தான் ஆளுக்கே கடைசியில்தான் தெரியும்.

ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, எங்கேயாவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும் என்றார்கள். அப்பா சளைக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார். "ஐயா, தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க, குத்துமதிப்பா வேணாம்" என்றாள் பரிசோதனை செய்த பெண். அதற்குப் பிறகு வெகுநேரம் பொத்தான் சத்தமே வரவில்லை. நான் சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் கேட்டார், "எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"இப்பத்தான், ஒரு மாசமா" என்றார் அப்பா.

இந்த முறை நான் முந்திக்கொண்டேன். "இல்ல டாக்டர். ஜூன்லேர்ந்து எனக்குத் தெரியும்."

"போன வருஷமே" என்றான் அண்ணன். "ஸ்கூட்டரைக் கொண்டுபோய் நின்ன கார்ல மோதினார். அன்னைக்குச் சொன்னார்."

அம்மா சொன்னாள். "ரெண்டு வருஷம் ஆகுதுங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அப்பவே வந்திருந்தா வலது கண்ணை இவ்வளவு விட்டிருக்க மாட்டோம்" என்று மட்டும் சொன்னார். போன பார்வை திரும்பாது. வலதில் அனேகமாக எல்லாம் போய்விட்டது. இடதில் நடுவில் ஒரு சின்ன சன்னல் இருக்கிறது. அதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து, காலமெல்லாம்.

"ஜூன்ல வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்றார்.

அதெல்லாம்தான் எனக்கு வேண்டும்.

அக்டோபர் 18, வெள்ளி

விசுவாசம் என்று இதுவரை எனக்குள் பெயர் வைத்திருந்தேன். அது அல்ல. எனக்கு மட்டும் தெரியும் என்பதை ஒரு நகைபோல உள்ளே அணிந்துகொண்டு திரிந்தேன். பெரியவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். சொல்லிவிட்டால் அது எல்லோருடையதும் ஆகிவிடும். கழற்ற மனம் வரவில்லை.

இத்தனை புத்தகம் படித்து என்ன? நாவலில் வாய்மூடி நிற்பவள்மேல் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை இருந்தது. அவளுடைய அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

கொல்லையில் அண்ணன் பிடுங்கிய கம்பங்களின்மேல் உட்கார்ந்திருந்தான். நானும் போய் உட்கார்ந்தேன். கேட்டேன்: "தெரிஞ்சும் ஏன் புடுங்கினே?"

"வேறென்ன பண்ணச் சொல்றே? தினம் கை ரத்தமா வருது. கம்பியில போய் விழறாருன்னு நினைச்சேன். ஒருநாள் முகத்துல, கண்ணுல பட்டா? வேலியை எடுத்துட்டா இடிக்க ஒண்ணுமே இருக்காதுன்னு..." நிறுத்தினான். "அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கறாருன்னு எனக்குத் தெரியாது. நான் மாடியிலேர்ந்து பாக்கறவன். கை தெரியல."

"வேன்?"

"வேனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வேற என்ன காரணம் சொல்றது? யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு அவர் கையில அடிச்சுக் கொடுத்திருக்கேன்."

நான் பார்த்தது கை. அவன் பார்த்தது ரத்தம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்திருந்தால் போதும். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டிலேயே, அந்தப் பத்து நிமிஷத்திலேயே முடிந்திருக்கும்.

"ஏண்டி, நீயாவது வாயைத் திறந்திருக்கலாமேடி" என்றான். கோபமில்லை, கெஞ்சுவதுபோல இருந்தது.

"நீயும்தானே?"

"நானும்தான்."

அம்மா படியிலிருந்து கூப்பிட்டாள். அவள் கையிலும் கொப்புளம் காய்ந்த தழும்பு. பட்டறைப் பக்கத்துக் குழிகளை அவள்தான் மூடியிருக்கிறாள், எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, அகப்பைக் கரண்டியும் பழைய அலுமினியச் சட்டியும் வைத்துக்கொண்டு.

நவம்பர் 10, ஞாயிறு

கம்பங்களை மறுபடி நட்டுவிடலாம் என்றான் அண்ணன். முள்கம்பி இல்லாமல், வழவழப்பான கைப்பிடிக் குழாய் வைத்து. அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நட்டா? எத்தனை நாளைக்குடா?" என்றார். "கையில கம்பி ரெண்டு சுத்து கூடிப்போனாலும் எனக்கே தெரியமாட்டேங்குது. ஒருத்தன் வீட்டு மோட்டார் எரிஞ்சா என்ன பதில் சொல்லுவேன்? விடு."

யாரும் வற்புறுத்தவில்லை. ஒருவேளை அதையும் வற்புறுத்தியிருக்க வேண்டுமோ? எப்போது பேச வேண்டும், எப்போது கூடாது என்று எனக்கு இப்போது எதுவுமே தெரியவில்லை.

நவம்பர் 11, திங்கள்

சொட்டு மருந்து போடுவது அண்ணி. வேறு யாரையும் அப்பா கிட்டே விடுவதில்லை. "உங்க கையெல்லாம் நடுங்குது" என்கிறார்.

டிசம்பர் 22, ஞாயிறு

சாப்பாட்டு மேசையில் இப்போது எல்லோரும் அதிகம் பேசுகிறோம். தேவையில்லாததைக்கூட. பால் திரிந்தது, பஸ் தாமதமானது, அலுவலகத்தில் யாரோ தும்மியது. சத்தம் குறைந்தால் அப்பா தலையைத் திருப்பித் திருப்பித் தேடுகிறார். என்னையும் பேச வைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று பட்டறையைக் காலி செய்தோம். கம்பி சுற்றும் இயந்திரம், வார்னிஷ் உலர்த்தும் அடுப்பு, செம்புக்கம்பிச் சுருள்கள் எல்லாவற்றையும் இன்னொரு மோட்டார்காரர் வாங்கிக்கொண்டார். அவருடைய சின்ன லாரி பின்கொல்லைக்குள் நேராக வந்து நின்றது. தடுக்க எதுவும் இல்லை.

அப்பா அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்வாசலில் நின்றார். ஒவ்வொரு சாமானும் ஏறும்போது சத்தத்தை வைத்தே அது எது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. லாரி போனபிறகும் அங்கேயே நின்றார்.

"போயிடுச்சா?"

அம்மாவும் அண்ணனும் நானும் ஒரே நேரத்தில் "போயிடுச்சுப்பா", "போயிடுச்சுங்க" என்றோம்.

இந்த வாரப் பரிசோதனையில் இடது கண்ணின் சன்னலும் பாதியாகியிருக்கிறது. மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.